சங்கத்துக்குச் சங்கம் நீர்வழங்கல் அறிவைப் பகிர்வது: எதை அளக்கிறது, எப்படிக் குறிக்கிறது?

பம்படி (மாங்குளம்)

வணக்கம் உறவுகளே.

ஊர் நீர்வழங்கல் சங்கங்களில பம்பு ஓட்டுறவை, குழாய் திருத்துறவை, பில் எழுதுறவை எல்லாருக்குமாக இந்த இழையைத் தொடங்கிறன். வன்னியில சிறு திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அமைப்புத்தான்: ஒரு குழாய்க்கிணறு அல்லது பெரிய திறந்த கிணறு, ஒரு மோட்டர், ஒரு உயர்தாங்கி, 110, 90, 63 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய், வீட்டுக்கு ஒரு மீற்றர். வாற பழுதும் ஒரே பழுதுதான். ஆனால் ஒரு ஊரில கண்டுபிடிச்ச வழி அடுத்த ஊருக்குப் போறதில்லை. பக்கத்துச் சங்கம் போன கோடையில தீர்த்த பிரச்சினைக்கு இந்தச் சங்கம் இண்டைக்கு மோட்டரை வெளியில இழுத்துப் போட்டிருக்கும். தெரிஞ்சதெல்லாம் பம்பு ஓட்டுற ஒருத்தரின்ர தலைக்குள்ள இருக்கு. அவர் வெளிநாடு போனால் அதுவும் போயிடும்.

தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களமும் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் தாற பயிற்சி கட்டாயம் வேணும். ஆனால் அது எல்லாருக்குமான பொதுப்பாடம். உங்கட கிணறு ஆவணியில என்ன செய்யுது எண்டு உங்கட பம்படிக் கொப்பிதான் சொல்லும்.

என்ர யோசனை இது: அயல் சங்கங்கள் அஞ்சாறு சேர்ந்து மாதம் ஒருக்கா நாலு எண்ணை ஒரு தாளில எழுதி மாத்திக்கொள்ளுவம். கிணத்து நீர்மட்டம், மணிக்கு இறைக்கிற கனமீற்றர், ஒரு கனமீற்றருக்குப் போற மின் யுனிற், கடைசி வீட்டுக் குழாயில குளோரின். இது காணுமோ? ஒவ்வொருத்தரும் வெவ்வேறு மாதிரி அளந்தால் பக்கத்தில வைச்சுப் பார்த்துப் பிரயோசனமில்லை. ஆகவே அளக்கிற முறையை முதல்ல பேசி முடிப்பம்.

செட்டிகுளத்தான்

நல்ல வேலை அண்ணை. நீர்மட்டத்திலயே தொடங்குவம், அதிலதான் கனபேர் பிழை விடினம்.

ரெண்டு மட்டம் வேணும். ஒண்டு ஓய்வு மட்டம்: மோட்டர் இரவு முழுக்க நிண்டு, காலமை போடமுன்னம். மற்றது ஓட்ட மட்டம்: போட்டு சரியா ஒரு மணித்தியாலத்தில. ஒரு சங்கம் பத்து நிமிசத்திலயும் மற்றது மூண்டு மணியிலயும் அளந்தால் ஒப்பிட ஏலாது. கேசிங் (குழாய்க்கிணத்துக்குள்ள இறக்கின வெளிக்குழாய்) விளிம்பில பெயின்ற்றால ஒரு கோடு போட்டு, எப்பவும் அதிலயிருந்தே அளவுங்கோ. மோட்டர் இறக்கேக்க ஏற்றுக் குழாயோட சேர்த்து 25 மில்லிமீற்றர் பி.வி.சி. ஒண்டையும் பம்புத் தலைக்கு மேல வரைக்கும் கட்டி இறக்கினால் அளவு நாடா வயரில சிக்காது. பிறகு கட்டுறதெண்டால் முழுக்க இழுக்க வேண்டி வரும்.

இனிக் கணக்கு. ஓய்வு மட்டம் 8 மீற்றர், ஓட்ட மட்டம் 20 மீற்றர், இறைப்பு மணிக்கு 6 கனமீற்றர் எண்டு வைப்பம். இறக்கம் 12 மீற்றர். 6 ஐ 12 ஆல பிரிச்சால் 0.5. அதாவது ஒரு மீற்றர் இறக்கத்துக்கு மணிக்கு அரைக் கனமீற்றர். கிணத்தின்ர உடல்நிலை இந்த எண்தான். அடுத்த வருசம் அதே மாதம் ஓய்வு மட்டம் 13 ஆகி, இந்த எண் 0.5 ஆகவே நிண்டால் நிலத்தடி நீர் இறங்கியிருக்கு, கிணத்தில பிழையில்லை. ஓய்வு மட்டம் 8 ஆகவே இருக்க எண் 0.33 க்கு வந்தால் கிணறு அடைபடுது. சல்லடைக் குழாயில சுண்ணாம்பு, இரும்புத் துரு அல்லது மண். முதலாவதுக்கு இறைக்கிற நேரத்தைக் குறைக்கவேணும், ரெண்டாவதுக்குக் கிணத்தைக் கழுவவேணும். இது தெரியாமல் ரெண்டுக்கும் பெரிய மோட்டர் வாங்கிப் போடுறதுதான் நடக்குது.

ஒரு எச்சரிக்கை. வவுனியாப் பக்கம் கருங்கல் நிலம், தண்ணி பாறை வெடிப்புக்குள்ளாலதான் வரும். மட்டம் ஒரு வெடிப்புக்குக் கீழ இறங்கினவுடன இந்த எண் சட்டெண்டு விழும். அது அடைப்பில்லை. எனவே மாசியையும் ஆவணியையும் ஒப்பிடாதேங்கோ. ஆவணியை ஆவணியோட மட்டும்.

மீற்றர்_வாசிப்பு (ஒட்டுசுட்டான்)

மணிக்கு எத்தனை கனமீற்றர் எண்டு கேட்கமுன்னம் பல்க் மீற்றர் (பம்படியில மொத்தமா இறைக்கிறதை அளக்கிறது) சரியோ எண்டு பாருங்கோ. மீற்றருக்கு முன்னால குழாய் விட்டத்தின்ர 10 மடங்கு, பின்னால 5 மடங்கு நேர்க்குழாய் இருந்தால் நல்லது. வளைவுக்கும் வால்வுக்கும் பக்கத்தில பூட்டினது பிழையாத்தான் காட்டும். குழாய் முழுக்க நிரம்பி ஓடுற இடத்தில இருக்கவேணும். தாங்கிக்கு மேல பூட்டினால் அரைக்குழாய்த் தண்ணியோட காத்தையும் சேர்த்து எண்ணும்.

சோதிக்கிறது லேசு. தாங்கியின்ர வெளி வால்வைப் பூட்டி ஒரு மணித்தியாலம் இறையுங்கோ. உள்விட்டம் 3 மீற்றர் வட்டத் தாங்கியெண்டால் பரப்பு 7.07 சதுரமீற்றர், 1 சென்ரிமீற்றர் ஏறினால் 70.7 லீற்றர். 80 சென்ரிமீற்றர் ஏறினால் 5.66 கனமீற்றர். மீற்றர் காட்டுறது இதிலயிருந்து நூற்றுக்கு 5 க்கு மேல விலகினால் அந்த மீற்றரின்ர எண்ணை ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ.

அஞ்சாவதாக ஒரு எண்ணும் சேர்க்கவேணும் எண்டுறது என்ர கருத்து: இறைச்சதுக்கும் பில் போட்டதுக்கும் உள்ள வித்தியாசம். அதைக் குழாய்க் கசிவு, ஓடாத வீட்டு மீற்றர், களவு எண்டு பிரிக்க இரவுச் சோதனை செய்யவேணும். இரவு 2 மணிக்குத் தாங்கிக்கு வாற குழாயைப் பூட்டி, வெளிக்குழாயைத் திறந்து விட்டு, 4 மணிவரை மட்டத்தைப் பாருங்கோ. அதே 3 மீற்றர்த் தாங்கியில மணிக்கு 9 சென்ரிமீற்றர் இறங்கினால் 636 லீற்றர் போகுது. அந்த நேரம் ஊரில ஆர் குளிக்கினம்? இரவில அழுத்தம் கூட எண்டபடியால் கசிவும் கொஞ்சம் கூட. 24 ஆல பெருக்காமல் 20 ஆல பெருக்கினால் நாளுக்கு ஏறக்குறைய 12.7 கனமீற்றர். வீட்டு மேல்தாங்கிகள் மிதவை வால்வால இரவில நிரம்பினால் இந்தக் கணக்குக் குழம்பும், அதை முதல்லயே சொல்லிப் பூட்டச் செய்யவேணும்.

பிறகு வீதி வால்வுகளை ஒவ்வொண்டாப் பூட்டிக்கொண்டு வாருங்கோ. எந்த வால்வைப் பூட்டேக்க இறக்கம் நிக்குதோ அந்த வீதியில தோண்டுங்கோ. முதல்ல வீட்டு இணைப்பு எடுத்த சாடில்களை (பெருங்குழாயைக் கவ்விப் பூட்டுற துண்டுகள்) பாருங்கோ. பெருங்குழாய் வெடிச்சால் ஊரே சொல்லும். சாடில் ரப்பர் நழுவினது மாதக்கணக்கில மண்ணுக்குள்ள ஓடும்.

வயரிங் (கிளிநொச்சி)

மின் யுனிற் கணக்கில ஒரு திருத்தம். ஒரு கனமீற்றருக்கு எத்தனை யுனிற் எண்டதை அப்படியே ஒப்பிட்டால் ஆழக் கிணத்துச் சங்கத்துக்கு அநியாயம். தூக்கிற உயரத்தால பிரிக்கவேணும்.

ஒரு கனமீற்றர் தண்ணியை ஒரு மீற்றர் தூக்க, இழப்பே இல்லாட்டில் 2.725 வாற்-மணி வேணும். ஓட்ட மட்டம் 32 மீற்றர், தாங்கி வாய் நிலத்திலயிருந்து 14, குழாய் உராய்வு 4 எண்டால் மொத்தம் 50 மீற்றர். 50 × 2.725 = 136 வாற்-மணி, அதாவது 0.136 யுனிற். மின் மீற்றரும் பல்க் மீற்றரும் சேர்ந்து 0.30 யுனிற் எண்டு சொன்னால் திறன் நூற்றுக்கு 45. சிறிய நீர்மூழ்கி மோட்டருக்கு அது நல்ல நிலை. 0.45 எண்டு வந்தால் நூற்றுக்கு 30, எங்கயோ போகுது.

எங்க எண்டு பார்க்கிற ஒழுங்கு: முதல்ல நொன் ரிட்டேன் வால்வு (தண்ணியைத் திரும்பி வர விடாத வால்வு). மோட்டரை நிப்பாட்டினவுடன பல்க் மீற்றர் பின்னால சுத்துதோ? கிணத்து வாயில காதை வைச்சால் உள்ளுக்குத் தண்ணி விழுற சத்தம் கேட்குதோ? கேட்டால் ஏற்றுக் குழாயில ஓட்டை அல்லது மூட்டு விட்டிருக்கு. ரெண்டும் இல்லையெண்டால் வெளி வால்வை ஒரு நிமிசத்துக்கு மேற்படாமல் பூட்டி அழுத்தமானியைப் பாருங்கோ. 1 பார் எண்டால் 10.2 மீற்றர். அதோட அந்த நேர நீர்மட்டத்தையும் கூட்டி, பம்போட வந்த வளைகோட்டுத் தாளில பூச்சிய ஓட்டத்துக்குள்ள உயரத்தோட ஒப்பிடுங்கோ. நல்லாக் குறைஞ்சிருந்தால் மணல் இம்பெல்லரை (பம்புக்குள்ள சுத்துற சில்லு) திண்டிட்டுது.

அம்பியரும் எழுதவேணும், மூண்டு பேசிலயும் (மோட்டருக்கு மின்சாரம் வாற மூண்டு லைன்). 8.2, 8.0, 9.0 எண்டால் சராசரி 8.4, கூடின விலகல் 0.6, அது நூற்றுக்கு 7. நூற்றுக்கு 5 க்கு மேல எண்டாலே கவனிக்கவேணும். அப்ப மெயினை நிப்பாட்டிப்போட்டு, பனலில மோட்டர் வயர் மூண்டையும் ஒரு இடம் தள்ளிப் பூட்டுங்கோ, முதலாவது ரெண்டாவதுக்கு, ரெண்டாவது மூண்டாவதுக்கு, மூண்டாவது முதலாவதுக்கு. சுழலுற திசை மாறாது. கூடின அம்பியர் அதே லைனிலயே நிண்டால் குறை மின்சாரம் வாற பக்கம். வயரோட சேர்ந்து நகர்ந்தால் மோட்டர் அல்லது கிணத்து வயர். இந்தச் சோதனையைச் செய்யாமல் மோட்டரை வெளியில எடுக்க விடாதேங்கோ. பனலைத் தொடுறது மின் வேலை தெரிஞ்சவராக இருக்கவேணும்.

கணக்குப்பிள்ளை (துணுக்காய்)

எல்லாம் சரி. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். இறைத்ததில் நூற்றுக்கு முப்பது காணாமல் போகிறது என்று ஒரு சங்கம் வெளியில் சொன்னால், அடுத்த பொதுக்கூட்டத்தில் பொருளாளரைத்தான் நிறுத்திக் கேட்பார்கள். கட்டணத்தைக் கூட்டப் போனால் "முதலில் கசிவை நிறுத்து" என்பார்கள். உண்மையைச் சொல்கிற சங்கம் அடி வாங்கும், மறைக்கிற சங்கம் நல்ல பெயர் எடுக்கும். இதற்கு வழி சொல்லாமல் தாளை நீட்டினால் எல்லோரும் அழகான எண்ணைத்தான் எழுதித் தருவார்கள்.

பம்படி (மாங்குளம்)

ஐயா, நீங்கள் சொல்லுறது மெத்தச் சரி. அதுக்குத்தான் தரவரிசை போடவே கூடாது எண்டுறன். முதலாவது ஆர், கடைசி ஆர் எண்டு ஒரு பட்டியல் வந்த அண்டைக்கே எண்கள் பொய்யாகும். ஒவ்வொரு சங்கமும் தன்ர போன வருச அதே மாதத்தோடதான் தன்னை ஒப்பிடவேணும். அயல் சங்கம் பார்க்கிறது "இவைக்கு ஒரு கனமீற்றருக்குப் போற யுனிற் 0.45 இலயிருந்து 0.31 க்கு இறங்கியிருக்கு, என்ன செய்தவை?" எண்டு கேட்கத்தான்.

மற்றது, எண் குடுக்கிற ஆள் பம்பு ஓட்டுறவராக இருக்கவேணும். அளந்தவர் எழுதினால் சந்தேகமான இடத்தில "நாடா நனைஞ்சிட்டுது, சரியாத் தெரியேல்லை" எண்டு பக்கத்தில எழுதுவார். அந்தக் குறிப்பு எண்ணை விடப் பெறுமதி.

தண்ணிப்பரிசோதனை (முள்ளியவளை)

குளோரின் பற்றி ஒருவரும் தொடவில்லை, நான் எழுதுகிறேன்.

"எங்கட சங்கம் இத்தனை கிராம் போடுது, நீங்களும் போடுங்கோ" என்று அளவை மட்டும் பகிர்வது ஆபத்து. இரும்பு கூடின தண்ணீர், சேறு கலந்த தண்ணீர் குளோரினைக் குடித்துவிடும். பகிர வேண்டியது அளவு கண்டுபிடிக்கிற முறை.

முதலில் நூற்றுக்கு 1 கரைசல். 65 வீதக் குளோரின் தூள் என்றால் ஒரு லீற்றருக்கு 15 கிராம், 30 வீதத் தூள் என்றால் 33 கிராம். தண்ணீருக்குள் தூளைப் போட வேண்டும், தூளின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கலக்கி, அடியில் சுண்ணாம்பு படியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். படிவோடு ஊற்றுவதால்தான் சொட்டுக்குழாய் அடைபடுகிறது.

பிறகு உலோகமில்லாத 20 லீற்றர் வாளி நான்கில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி 2, 4, 6, 8 மில்லிலீற்றர் கரைசல் விடுங்கள். லீற்றருக்கு முறையே 1, 2, 3, 4 மில்லிகிராம். அரை மணித்தியாலம் மூடி வைத்து அளந்தால், 0.5 மில்லிகிராம் அளவில் மிஞ்சியிருக்கிற வாளிதான் உங்கள் அளவு. அது இரண்டாம் வாளி என்றால் 20 கனமீற்றர்த் தாங்கிக்கு 4 லீற்றர் கரைசல். மாரி தொடங்கியதும் திரும்பச் செய்ய வேண்டும், திறந்த கிணறென்றால் முதல் வெள்ளத்தோடு உடனே.

கடைசி வீட்டில் 0.2 க்குக் குறையக் கூடாது. இலங்கைத் தர நியமம் எஸ்.எல்.எஸ். 614 இன் 2013 பதிப்பின்படி 1 க்கு மேலும் போகக் கூடாது. அளக்கும்போது டி.பி.டி. முதலாம் இலக்க மாத்திரை பாவியுங்கள், அதுதான் கட்டற்ற (வேறொன்றோடும் சேராமல் மிஞ்சிய) குளோரினைக் காட்டும். மஞ்சள் நிறம் காட்டுகிற பழைய ஓ.ரி. துளி மொத்தக் குளோரினையும் சேர்த்துக் காட்டிவிடும். ஒரு சங்கம் ஒன்றாலும் மற்றது மற்றதாலும் அளந்து தாளில் எழுதினால் அந்த நிரலே வீண்.

தூள் வாளியைப் பம்பு அறைக்குள் பனல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பதைப் பரவலாகக் காணலாம். அந்த ஆவி கொன்ராக்ரரின் (மோட்டருக்கு மின்சாரத்தை இணைக்கிற சுவிச்) செம்பைத் தின்னும், தூளும் வெக்கையில் வலு இழக்கும். வேறு நிழலான, காற்றோட்டமுள்ள இடம் வேண்டும். நீச்சல் தடாகத்துக்கு விற்கிற வெள்ளை மாத்திரையை இந்தத் தூளோடு ஒரே வாளியில் ஒருபோதும் சேர்க்காதீர்கள், வெடிக்கும்.

செட்டிகுளத்தான்

அக்கா சொன்னதோட புளோரைட்டையும் சேர்க்கிறன், எங்கட கருங்கல் நிலத்தில அதுதான் பெரிய தலையிடி. நியமம் லீற்றருக்கு 1 மில்லிகிராம். கொதிக்க வைச்சால் போகாது, வத்தி இன்னும் கூடும். ஆர்.ஓ. இயந்திரம் (மெம்பிரேன் எண்ட மெல்லிய சவ்வால தண்ணியை வடிக்கிறது) ஒண்டுதான் வழியெண்டு நினைக்கமுன்னம் பக்கத்துக் கிணறுகளின்ர அறிக்கைகளை ஒண்டாப் பரப்பிப் பாருங்கோ. ஒரு கிணறு 1.6, அடுத்தது 0.5 எண்டால், முதலாவதில ஒரு பங்கும் ரெண்டாவதில ரெண்டு பங்கும் தாங்கியில கலந்தால் 0.87. இதை ரெண்டு சங்கம் பேசினால்தான் செய்யலாம். கலவையைக் கோடையில ஒருக்கா, மாரியில ஒருக்கா ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேணும்.

ஆர்.ஓ. வைச்சிருக்கிற சங்கங்களுக்கு: குளோரின் போட்ட தண்ணியை நேர விட்டால் மெம்பிரேன் போயிடும், முன்னால கரி வடி கட்டாயம். கழிவுத் தண்ணியைக் கிணத்தடியில விடாதேங்கோ. அதே உப்பும் புளோரைட்டும் செறிஞ்சு திரும்பி வரும்.

வயரிங் (கிளிநொச்சி)

ஒரு சங்கத்தின்ர பம்படிக்கு மற்றச் சங்கத்தார் போய்ப் பார்க்கிறதையும் ஒழுங்காச் செய்வம். காலமை 6 மணிக்கு, மோட்டர் போடமுன்னம். பின்னேரம் போனால் ஓய்வு மட்டம் கிடையாது. வாறவை தங்கட நாடா, கிளாம்ப் மீற்றர், குளோரின் பெட்டியைக் கொண்டு வரவேணும். ஒரே கிணத்தை, ஒரே குழாயை எல்லாரும் தங்கட கருவியால அளந்தால் ஆரின்ர கருவி பிழையெண்டு அந்த இடத்திலயே தெரியும். ஒரு நாளைக்கு ஒரு பிரச்சினை போதும். முடிய அரைப்பக்கம் எழுதி எல்லாச் சங்கத்துக்கும் போகவேணும். மாதிரிக்கு ஒண்டு:

"குறி: தாங்கி நிரம்ப 4 மணித்தியாலம் எடுத்தது 6 ஆயிற்று. அளந்தது: ஓய்வு மட்டம் மாறவில்லை. ஓட்ட மட்டம் 20 இலிருந்து 16 க்கு உயர்ந்தது. அம்பியரில் பெரிய மாற்றமில்லை. நின்றதும் கிணற்றுக்குள் தண்ணீர் விழும் சத்தம். செய்தது: ஏற்றுக் குழாயை இழுத்தோம், மூன்றாம் மூட்டில் புரி தேய்ந்து ஓட்டை. சொக்கற் மாற்றினோம். திரும்ப அளந்தது: நிரம்ப 4 மணித்தியாலம், ஓட்ட மட்டம் 20."

இதில ஓட்ட மட்டம் *உயர்ந்தது* எண்ட வரியைப் பாருங்கோ. இறைச்ச தண்ணியில ஒரு பங்கு திரும்பக் கிணத்துக்குள்ளயே விழுந்ததாலதான் மட்டம் ஏறினது. கிணறு வத்தியிருந்தால் மட்டம் இறங்கியிருக்கும். அந்த ஒரு வரி இல்லாட்டில் வாசிக்கிறவர் கிணத்தைத்தான் சந்தேகப்படுவார். "பம்பு பழுது, திருத்தியாச்சு" எண்டு எழுதினால் ஒருத்தருக்கும் உதவாது.

மீற்றர்_வாசிப்பு (ஒட்டுசுட்டான்)

உதிரிப்பாகத்தையும் பொதுவா வைக்கலாம். 63, 90 திருத்தச் சொக்கற், சாடில், மட்டம் அறியிற எலெக்ரோட், நொன் ரிட்டேன் வால்வு. ஓவர்லோட் றிலேயை (அம்பியர் கூடினால் மோட்டரை நிப்பாட்டிறது) மட்டும் பார்த்து வையுங்கோ. 7 இலயிருந்து 10 அம்பியர் வீச்சு றிலே 5 அம்பியர் மோட்டருக்குக் காவல் நிக்காது, எரியவிட்டிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். எந்தச் சங்கத்துக்கு எத்தனை அம்பியர் எண்ட பட்டியல் எழுதிப்போட்டுப் பிறகு வாங்குங்கோ.

கரையோரம் (பூநகரி)

எல்லாற்ற பதிவையும் வாசிச்சன். எங்கட பக்கம் மணல் நிலம், திறந்த கிணறு. கச்சான் தொடங்கினால் தண்ணி உவர்க்குது. மட்டம் பெரிசா இறங்கேல்லை. நீங்கள் சொல்லுற நாலு எண்ணில இது எதிலயும் தெரியாது போல கிடக்கு. என்ன அளக்கிறது?

செட்டிகுளத்தான்

தம்பி, உங்களுக்கு மின்கடத்துதிறன் மீற்றர் வேணும், கையடக்கமானது காணும். காட்டுற மைக்ரோசீமனை 0.64 ஆல பெருக்கினால் கரைஞ்ச உப்பு ஏறக்குறைய லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் எண்டு வரும். நியமம் 500, அதாவது 780 மைக்ரோசீமன் அளவில. மோட்டர் போட்டு அஞ்சு நிமிசத்தில ஒருக்கா, நிப்பாட்டமுன்னம் ஒருக்கா எழுதுங்கோ. ரெண்டும் ஒண்டெண்டால் கிணத்துத் தண்ணியே அப்படி. நிப்பாட்டேக்க கூடியிருந்தால் நீங்கள் இறைக்கிற வேகத்துக்குக் கீழயிருக்கிற உவர் மேல வருது. நல்ல தண்ணி உவருக்கு மேல மெல்லிய படையா நிக்கிற நிலம் உது. மட்டம் ஒரு சாண் இறங்கினாலும் உவர் அதைவிடப் பல மடங்கு மேல வரும்.

அப்ப வால்வை நெரிச்சு, மணிக்கு 6 கனமீற்றர் இறைக்கிற இடத்தில 2 ஆக்கி, காலமை ரெண்டு மணித்தியாலத்தை மூண்டு தரமாப் பிரிச்சு ஆறு மணித்தியாலமா ஓட்டிப் பாருங்கோ. மொத்தத் தண்ணி ஒண்டுதான். உறிஞ்சு குழாய் அடிமட்டம் வரை தொங்கினால் அதையும் மேல தூக்குங்கோ, மட்டத்துக்குக் கீழ ஒரு மீற்றர் போதும். காத்து இழுத்து மோட்டர் வெறுமையா ஓடாமல் எலெக்ரோட்டையும் சேர்த்து உயர்த்தவேணும்.

கரையோரம் (பூநகரி)

நன்றி அண்ணை. வால்வை நெரிச்சால் மோட்டர் சூடாகாதோ?

வயரிங் (கிளிநொச்சி)

நிலத்து மோட்டர்தானே? மையநீக்கப் பம்பெண்டால் வால்வை நெரிக்க அம்பியர் குறையும், கூடாது. ஆனால் முழுக்கப் பூட்டி ஓட விட்டால் பம்புக்குள்ள தண்ணி கொதிக்கும். மூண்டில ஒரு பங்கு ஓட்டம் நல்லா நெரிச்ச நிலைதான். பம்பு உடலைக் கையால தொட்டுப் பாருங்கோ, இளஞ்சூட்டுக்கு மேல போனால் வால்வைக் கொஞ்சம் திறவுங்கோ, அல்லது வெளிக்குழாயிலயிருந்து ஒரு அரை அங்குலக் குழாயால ஒரு பங்கைக் கிணத்துக்கே திருப்பி விடுங்கோ. மின்கடத்துதிறன் நிரலை ஆறாவதாத் தாளில சேர்க்கிறம். கரையோரச் சங்கங்கள் மட்டும் நிரப்பினால் போதும்.